"கியர்பாக்ஸ் போய்விட்டது, காரைக் கொடுத்துவிடுங்கள்": புதுச்சேரி ஏஎம்டி கார்க்காரர்கள் கவனத்திற்கு

ஏஎம்டி கார் (கிளட்ச் மிதிக்காமல் தானாகக் கியர் மாறும் வகை) வைத்திருப்போரிடம் கியர்பாக்ஸே போய்விட்டது என்று பணிமனையில் சொன்னால், எதைக் கழற்றிப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் மேற்கொண்டு பேச வேண்டாம். நூறடிச் சாலைப் பக்கம் ஒரு பெரிய பணிமனையில் எனக்கு நேர்ந்ததை வைத்தே சொல்கிறேன்.

அரியாங்குப்பம் பாலத்தில் ஏறும்போது எஞ்சின் இரைந்ததே தவிர வேகம் கூடவில்லை. கருகல் வாடையும் வந்தது. வண்டியை விட்ட மறுநாளே, கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்ததாகவும், பற்கள் தேய்ந்துவிட்டதாகவும், புதிது போட 1,30,000 ரூபாய் ஆகும் என்றும் கூறி, பிரிப்புக் கூலியாக 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அதே மூச்சில், தங்கள் பழைய கார் பிரிவில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்தால் 1,40,000 தருவதாகவும், பிஒய் (புதுச்சேரி) பதிவு வண்டியைக் கடலூர்ப் பக்கம் யாரும் சீந்தமாட்டார்கள் என்றும் சொன்னார்கள். (தடையின்மைச் சான்று வாங்கித் தமிழ்நாட்டில் சாலை வரி கட்டினால் மாற்றிப் பதியலாம், அலைச்சல்தான், ஆகாத காரியமல்ல.) பழுது பார்ப்பவரே வண்டியை வாங்குபவராகவும் இருந்தால் பழுது பெரிதாகத்தான் தெரியும்.

ரெக்கவரி வண்டியில் ஏற்றி வில்லியனூர் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் அடியில் டார்ச் அடித்துக் காட்டியபோது, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் போல்ட்டுகளின் மேல் செம்மண் இறுகிப்போய்க் கிடந்தது. ஸ்பானர் பட்ட தடமே இல்லை, அதாவது கியர்பாக்ஸைப் பிரிக்கவே இல்லை. கழற்றியதும், கிளட்ச் பிளேட் ரிவெட் தலை தெரியுமளவு தேய்ந்திருந்தது. வடித்த கியர் ஆயிலிலோ, பற்கள் தேய்ந்ததைக் காட்டும் இரும்புத்தூள் எதுவுமில்லை. ஏஎம்டி அடிப்படையில் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஆக்சுவேட்டர் என்ற தானியங்கிக் கருவி செய்கிறது என்பதே வேறுபாடு. ஆகவே கிளட்ச் வழுக்கினாலும் ஆக்சுவேட்டர் கெட்டாலும் கியர்பாக்ஸே போனதுபோலத் தோன்றும். கிளட்ச் செட் மாற்றி, ஸ்கேனர் வைத்துக் கேலிபரேஷன் (புது கிளட்ச்சுக்கு ஏற்ப ஆக்சுவேட்டரைச் சரிசெய்வது) செய்ய மொத்தம் 19,000 ரூபாய் ஆனது. உண்மையிலேயே பற்கள் உடைந்திருந்தால், செலவை வண்டியின் சந்தை விலையோடு ஒப்பிட்டு விற்றுவிடுவதே நல்லது. அப்போதும் விலையை வேறிடத்தில் விசாரியுங்கள்.

பிரிக்காத கியர்பாக்ஸுக்குப் பிரிப்புக் கூலி என்றே ரசீது கொடுத்திருக்கிறார்கள். அதையும் போல்ட்டுப் படங்களையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் திரும்பாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது.