சுத்தம் செய்வதா, ஃபார்மட் அடிப்பதா?

தங்கச்சியின் லேப்டாப்பில் எதைத் தேடினாலும் வேறொரு பக்கம் திறந்தது. ஹட்டனில் ஒரு கடையில் ஃபார்மட் அடிக்கச் சொன்னார்கள், அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. முதலில் சுத்தம் செய்து பார்ப்போம் என்றேன்.

இதற்குப் பெரும்பாலும் பிரவுசரில் ஒட்டிக்கொண்ட எக்ஸ்டென்ஷன் என்ற குட்டி மென்பொருள்தான் காரணம். குரோமில் பட்டியலைத் திறந்தோம். பிடிஎஃப் மாற்றித் தரும் ஏதோ ஒன்று. போட்ட ஞாபகமே அவளுக்கு இல்லை. அதை நீக்கி, செட்டிங்ஸை ரீசெட் செய்தோம். அப்புறம் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபென்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் முழுதாக எழும்புமுன்பே அது தேடும். 15 நிமிடம் போல ஆகும். அவளுடைய ஏ.எல். நோட்ஸ் ஒன்றும் அழியவில்லை, எனக்கு அதுதான் பெரிது.

ஃபார்மட் அடித்தால் சந்தேகம் கிட்டத்தட்ட தீரும். ஆனால் முதலில் எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்து வைக்க வேண்டும். விண்டோஸை இணையத்தில் இறக்கினால் 4 ஜிபிக்கு மேல் போகலாம். எங்கள் தோட்ட லயத்தில் சிக்னலே ஒரு கோடுதான். எக்ஸ்டென்ஷன்களையும் கூகுள் கணக்கில் சேமித்து வைக்கும் குரோம் சிங்க் போட்டிருந்தால் அதே எக்ஸ்டென்ஷன் திரும்பவும் வந்துவிடலாம்.

நீக்கியது மறுபடி முளைத்தாலோ, டிஃபென்டரைத் திறக்கவே முடியாவிட்டாலோ, தயங்காமல் ஃபார்மட் அடியுங்கள். பாஸ்வேர்டுகளை மட்டும் வேறொரு நல்ல போனிலிருந்து மாற்றுங்கள்.