டாப் ஸ்டேஷன்: 1924 வரை சரக்கு ரயில் வந்து நின்ற மலைமுனை

மூணாறிலிருந்து 32 கி.மீ. போய், ‘பனிமூட்டம்தான் இருந்தது, வேற ஒண்ணுமில்ல’ என்று திரும்புகிறவர்கள் நிறைய. வெறும் காட்சிமுனையாக நினைத்துப் போனால் டாப் ஸ்டேஷன் ஏமாற்றத்தான் செய்யும். மூணாறிலிருந்து தேயிலை ஏற்றி வந்த குண்டளை பள்ளத்தாக்கு ரயில்பாதையின் கடைசி நிலையமாகப் பார்த்தால், மூணாறு பக்கத்தில் இதைவிடச் சுவையான இடம் கிடையாது.

முதலில் போக வேண்டியது டாப் ஸ்டேஷனுக்கு அல்ல, மூணாறு டவுனை ஒட்டிய நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்துக்கு. திங்கட்கிழமை விடுமுறை. 1905-ஆம் ஆண்டு தேயிலை உருட்டும் இயந்திரம், நம் தூத்துக்குடி மாவட்ட நாசரேத் தொழிற்பள்ளியில் 1913-இல் செய்த சூரியக் கடிகாரம் எல்லாம் அங்கே உண்டு. ரயிலைத் தேடி வருபவர் நிற்க வேண்டியது அந்த ரயில் எஞ்சினின் சக்கரத்துக்கு முன்னால். இந்த ரயிலின் மிச்சத்தை அங்கே கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். டவுனிலிருந்த பழைய ரயில் நிலையம் இன்று தேயிலைக் கம்பெனி அலுவலகம், வெளியிலிருந்து பார்க்கலாம்.

1902-இல் இங்கே போட்டது ஒற்றைத் தண்டவாளம். ஈவிங் முறை என்பார்கள். வண்டியின் எடையில் பெரும்பகுதியைத் தண்டவாளத்தில் ஓடும் சின்னச் சக்கரங்கள் தாங்கும். வண்டி சாயாமல் இருக்க, பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையிலேயே உருளும். இழுத்தது மாடுகள். புதிதாகப் பாதை வெட்ட வேண்டாம், சாலை ஓரமே போதும் என்பது இதன் வசதி. 1908-இல் இதை எடுத்துவிட்டு, 2 அடி இடைவெளியில் இரண்டு தண்டவாளம் போட்டு நீராவி எஞ்சினை ஓட்டினார்கள்.

மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக வந்த தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனில் இறங்கின. இதற்கு மேல் ரயில் போக வழியில்லை. மலை செங்குத்தாகத் தேனிப் பக்கம் விழுகிறது. அதனால் சுமார் 5 கி.மீ. நீளத்துக்குக் கம்பிவடம் கட்டி, பெட்டிகளைத் தொங்கவிட்டுக் கீழே கொட்டகுடிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வண்டி கட்டிப் போடிநாயக்கனூர். 1924 ஜூலை வெள்ளம், கொல்லம் ஆண்டு 1099-இல் வந்ததால் கேரளத்தில் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று இன்றும் சொல்வது, பாதையை அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவில்லை. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததே 1928-இல்தான். மேலே ஒரு ரயில், கீழே ஒரு ரயில், நடுவில் ஒரு கம்பிவடம் என்ற அருமையான தொடர் நான்கே வருடத்தில் கைநழுவிப் போயிருக்கிறது.

டாப் ஸ்டேஷன் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் காரில் கேரளம் வழியாகத்தான் போக முடியும். விடிந்ததும் கிளம்புங்கள். பத்து மணிக்கு மேல் கிளம்பினால் இரண்டு தடங்கல்: மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயின்ட் இரண்டிலும் வண்டிகள் அடைத்து நிற்கும், மேலே போய்ச் சேர்வதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவிடும். படகுச் சவாரி, குண்டளை அணை எல்லாவற்றையும் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளமோ நடைமேடையோ எதிர்பார்க்க வேண்டாம். காட்சிமுனைக்கு இறங்கும் பாதை சரிவானது, திரும்ப ஏறும்போது மூச்சு வாங்கும்; முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே நின்று பார்ப்பது நல்லது. வானம் தெளிவாக இருந்தால் கீழே கொட்டகுடிப் பக்கம் தெரியும். அந்த ஆழத்தைக் கண்ணால் அளந்த பிறகுதான் ஏன் கம்பிவடம் என்பது விளங்கும். குறிஞ்சி பார்க்க வேண்டுமென்றால் 2030 வரை பொறுக்க வேண்டும். கடைசியாகப் பூத்தது 2018.

டாப் ஸ்டேஷனிலிருந்து, மலைச்சரிவின் நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற இடம் வழியாக, கீழே கொட்டகுடிப் பக்கமுள்ள குரங்கணிக்கு இறங்கும் நடைபாதை இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன பலர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ ஏறும் வேகத்துக்கு மனிதர் ஓட முடியாது. கோடை மாதங்களில் அந்த எண்ணமே வேண்டாம்.

கம்பிவடத்தின் கீழ்முனைப் பக்கத்தைப் பார்க்க மறுநாள் போடிமெட்டு வழியாக இறங்கி, போடியிலிருந்து குரங்கணி போங்கள். காருக்கு அதுதான் வழி. அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்ற போடி ரயில் 2023 ஜூனில் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. ஊர் திரும்ப அதையே பிடிக்கலாம்.