பெம், பிஎஃப்எக்ஸ், ஜேகேஎஸ்: சான்றிதழை எந்தக் கோப்பில் வைப்பது?

ராயபுரத்தில் நான் வேலை பார்க்கும் கிளியரிங் அலுவலகத்தில் மூன்று சர்வர்கள். பில்லிங் விண்டோஸ் சர்வர் 2016-இல், கன்டெய்னர் நிலவரம் லினக்ஸில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரில், பழைய ஜாவா மென்பொருள் டாம்கேட் என்ற ஜாவா சர்வரில். இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் சான்றிதழ் மூன்றுக்கும் ஒன்றேதான்; ஒரு டொமைனின் துணைப்பெயர்களுக்கெல்லாம் பொருந்தும் வைல்டுகார்டு வகை. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு கோப்பு கேட்கிறது.

பெம் வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் ‘பிகின் சர்ட்டிபிகேட்’ என்ற வரியும் அதன் கீழே எழுத்துக் குவியலும் தெரியும். முதலில் நம் சான்றிதழ், அடுத்து அதை வழங்கியவரின் இடைநிலைச் சான்றிதழ் இருக்க வேண்டும். ஒருமுறை இடைநிலையை விட்டுவிட்டேன். அலுவலகக் கணினியில் குரோம் பேசாமல் திறந்தது. விடுபட்டதை அதுவே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு செயலிகள் பொதுவாக அப்படித் தேடிப் போகாது. எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டியோடு வரிசையில் நின்ற டிரைவர் அண்ணன் போன் போட்டார்: “தம்பி, ஆப் தொறக்கவே மாட்டேங்குது.” கோப்பைக் கண்ணால் பார்த்ததும் ஒரு கட்டு குறைவது தெரிந்தது. பெம்மின் பெரிய வசதி இதுதான். குறை, சான்றிதழுக்கு ஜோடியான ரகசியச் சாவி பெரும்பாலும் பூட்டில்லாமல் கிடக்கும். கோப்பு அனுமதியைக் கறாராக வைக்க வேண்டும்.

பிஎஃப்எக்ஸில் சாவி, சான்றிதழ், இடைநிலை எல்லாம் ஒரே கோப்பில், கடவுச்சொல்லோடு. விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ்ஸுக்கு இதுதான் வேண்டும். எடுத்துச்செல்லப் பாதுகாப்பானது. ஆனால் என்னை ஒரு ராத்திரி முழுக்க உட்கார வைத்ததும் இதுவே. கடவுச்சொல் தவறு என்றே விண்டோஸ் திரும்பத் திரும்பச் சொன்னது. கடவுச்சொல் சரிதான். இந்தக் கோப்பை உருவாக்கும் கருவியான ஓப்பன்எஸ்எஸ்எல், 2021-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து பிஎஃப்எக்ஸை ஏஇஎஸ்-256 என்ற குறியாக்க முறையில் பூட்டத் தொடங்கியது; 2016 சர்வருக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது. ‘லெகசி’ என்ற விருப்பத்தைச் சேர்த்துப் பழைய முறையில் உருவாக்கினால் ஏற்றுக்கொள்ளும். பழைய முறை பலவீனமானது என்பதால் ஏற்றிய கையோடு அந்தக் கோப்பை அழித்துவிடுகிறேன்.

ஜேகேஎஸ் சாவியையும் சான்றிதழையும் வைக்கும் ஜாவாவின் சொந்தக் கோப்பு, ஜாவாவுக்கு மட்டுமே. ஜாவா 9 முதல் ஜாவாவின் இயல்பு வடிவமே பிஎஃப்எக்ஸ் வகைதான். டாம்கேட் 8.5 முதல் பெம்மையே நேராகப் படிக்கும். புதிதாக ஜேகேஎஸ் உருவாக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

என் தேர்வு பெம்தான். அதையே மூலமாக வைத்து, விண்டோஸுக்கு மட்டும் பிஎஃப்எக்ஸை ஸ்கிரிப்ட் மூலம் உருவாக்குகிறேன். விண்டோஸ் மட்டுமே உள்ள அலுவலகம் என்றால் பிஎஃப்எக்ஸ் தாராளமாகப் போதும். ஆனால் கையால் மாற்றும் பழக்கம் யாருக்கும் இனி ஒத்துவராது. பொதுச் சான்றிதழின் ஆயுள் வரம்பு 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள்.