பிரிட்டன் ரயில் பேக்கேஜ் வாங்கும் புது ஜோடிகளுக்கு: டிக்கெட்டில் ரயில்கார்டு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்

கோவையில் ஒரு டிராவல் ஏஜென்ட் மூலம் லண்டன் ஹனிமூன் போய்வந்தோம். நுகர்வோர் புகார் நிலுவையில் இருப்பதால் பெயர் போடவில்லை. மொத்தப் பயணத்தையும் குறை சொல்ல மாட்டேன். விமானம் சரி, ஹோட்டல் சுமார். நான் எழுத வந்தது "ரொமான்டிக் ரயில் டே" என்று தனியாகப் பணம் வாங்கி எங்கள் தலையில் கட்டிய அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும்.

திட்டம் இதுதான். காலையில் லண்டன் பேடிங்டனிலிருந்து பாத் நகரம், மதியம் பாத்திலிருந்து சாலிஸ்பரி, அங்கிருந்து பஸ்ஸில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல் வட்டம், இரவு சாலிஸ்பரியிலிருந்து லண்டன் வாட்டர்லூ. ஆவணியில் கல்யாணம், செப்டம்பர் கடைசியில் பயணம். இந்த ரயில் நாள் என் மாமனார் கொடுத்த பரிசு. பணத்தையும் அவரே ஏஜென்ட்டிடம் நேரில் கட்டினார்.

எட்டு மணி வாக்கில் ரயில் வேண்டும் என்று கேட்டிருந்தோம். "சீட்டே இல்லைங்க மேடம், ஒன்பதரைக்கு மேலதான் கிடைக்குது" என்றார். வார நாள், ஆபீஸ் கூட்டம் இருக்கும் போல என்று விட்டுவிட்டோம். அந்த ஒன்பதரைக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அது பாத்துக்கு முன்னால் வரும் ஸ்விண்டன் ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் விளங்கியது.

பேடிங்டனில் மொபைலில் இருந்த க்யூஆர் கோடைக் காட்டியதும் கேட் திறந்துகொண்டது. டிக்கெட் போலி இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏமாற்று வேலையே அதில்தான் இருக்கிறது. ரயிலில் டிடிஆர் வந்தார், ஸ்கேன் செய்தார், பிறகு மரியாதையாகவே "உங்கள் ரயில்கார்டு?" என்று கேட்டார். நாங்கள் பாஸ்போர்ட்டை நீட்டினோம்.

ரயில்கார்டு என்றால் அங்கே ரயில் கட்டணத்தில் தள்ளுபடி தரும் அட்டை. அதில் "டூ டுகெதர் ரயில்கார்டு" என்று ஒரு வகை உண்டு. இரண்டு பேர் பெயரிலும் படத்தோடும் ஓராண்டுக்குக் கொடுப்பார்கள். அந்த இருவரும் சேர்ந்து பயணம் செய்தால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. விலை 35 பவுண்டு. 2025 மார்ச் வரை 30 ஆக இருந்தது. கணவன் மனைவியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, வெளிநாட்டவரும் வாங்கலாம். முக்கியமான நிபந்தனை, வார நாட்களில் காலை ஒன்பதரைக்கு முன் செல்லாது.

ஆக, எங்களுக்கு எட்டு மணி ரயிலில் சீட் இல்லாமல் இல்லை. நம்ம ஏஜென்ட் அந்த அட்டையின் தள்ளுபடியில் டிக்கெட் எடுத்திருக்கிறார். டிக்கெட் எடுக்கும்போது இணையதளம் அட்டை எண்ணைக் கேட்பதில்லை, "ரயில்கார்டு இருக்கிறது" என்று தேர்வு செய்தாலே விலை குறைந்துவிடும். பயணத்தின்போது அட்டையைக் காட்டுவது பயணியின் பொறுப்பு. எங்களிடம் முழுக் கட்டணம், அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ், அதற்கும் மேல் "ஹனிமூன் சீட்" என்று ஒரு தொகை வாங்கிக்கொண்டு, தள்ளுபடியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். 35 பவுண்டு கொடுத்து அட்டையையாவது வாங்கித் தந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. அந்தக் காசிலும் மிச்சம் பிடித்திருக்கிறார் மனுஷன்!

அட்டை இல்லாமல் தள்ளுபடி டிக்கெட்டில் போனால் டிக்கெட்டே இல்லாமல் போனதாகத்தான் கணக்கு. இங்கிலாந்தில் அபராதக் கட்டணம் 2023 ஜனவரியிலிருந்து 100 பவுண்டு, பயணக் கட்டணம் தனி. 21 நாளுக்குள் கட்டினால் அபராதம் பாதியாகும். விஷயம் வழக்கு வரைக்கும்கூடப் போகலாம். எங்கள் முகத்தைப் பார்த்தே டிடிஆருக்குப் புரிந்திருக்க வேண்டும். அபராதம் போடாமல் புது டிக்கெட் மட்டும் எடுக்கச் சொன்னார். அதுவே இருவருக்கும் சேர்த்து 100 பவுண்டைத் தாண்டியது. பாத்துக்குக் கொஞ்சம் முன்னால் பாக்ஸ் சுரங்கம் வரும், புருனெல் கட்டி 1841இல் திறந்தது, கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர். அதைப் பார்க்கத்தான் என் கணவர் ஜன்னலோர சீட் கேட்டு வாங்கியிருந்தார். ஃபாரெக்ஸ் கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்ததில் சுரங்கம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

டிடிஆர் ஒரு உபகாரம் செய்தார். "உங்கள் அடுத்த இரண்டு டிக்கெட்டும் இதே தள்ளுபடியில்தான் இருக்கும், பாருங்கள். அடுத்த ரயில் ஏறுவதற்குள் மொபைலிலேயே அட்டை வாங்கிவிடுங்கள்" என்றார். பாத் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இருவர் படத்தையும் ஏற்றி வாங்கினோம். சில நிமிட வேலை. இதே நிலையில் இருப்பவர்கள் அடுத்த பயணத்துக்கு முன் இதைச் செய்யுங்கள். நடந்து முடிந்த பயணத்துக்கு அது உதவாது.

பாத்தில் இன்னொரு கூத்து. ஏஜென்ட் கொடுத்த பட்டியலில் "ரோமன் பாத்ஸ், ஜோடிக் குளியல்" என்று போட்டிருந்தது. இவர் பையில் துண்டு வேறு. அங்கே குளிக்க முடியாது! தினமும் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் வெந்நீர் ஊறி வருகிறது, 46 டிகிரி சூடு, நீர் பச்சைப் பசேல் என்று இருக்கிறது, ஆவி பறக்கிறது, ஆனால் தொடக்கூடாது. 1978இல் அந்த நீரில் இருந்த அமீபா தொற்றி ஒரு சிறுமி இறந்துபோனாள். அதன்பின் குளிப்பது நின்றுவிட்டது. இப்போது அது அருங்காட்சியகம். குளிக்க வேண்டுமென்றால் பக்கத்தில் தெர்மே பாத் ஸ்பா என்று 2006இல் திறந்தது இருக்கிறது, கட்டணம் வேறு, டிக்கெட்டும் வேறு. எங்களிடம் இருந்தது அருங்காட்சியக நுழைவுச்சீட்டு மட்டும். ஊர் என்னவோ அழகுதான், தேன் நிறக் கல்லில் கட்டிய வீடுகள், இரண்டு பக்கமும் கடைகள் வைத்த புல்ட்னி பாலம். ஆனால் மனசு அந்த 100 பவுண்டிலேயே நின்றது.

ஸ்டோன்ஹெஞ்ச்தான் உச்சம். "கற்களுக்கு நடுவே நின்று போட்டோ" என்று சொல்லித்தான் விற்றார். சாதாரண நுழைவுச்சீட்டில் கல் வட்டத்துக்குள் விடமாட்டார்கள். கயிற்றுக்கு வெளியே பாதையில் சுற்றி வரலாம், அவ்வளவே. உள்ளே நிற்க வேண்டுமானால் பார்வை நேரத்துக்கு முன்னோ பின்னோ சிறு குழுவாக விடுவார்கள், அதற்கு இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பிடம் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும்.

அதைக்கூட விடுங்கள். நாங்கள் போன பருவத்தில் ஸ்டோன்ஹெஞ்ச் மாலை ஐந்துக்கு மூடுகிறது, மூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கடைசி நுழைவு. ஸ்டோன்ஹெஞ்சுக்கு ரயில் கிடையாது. சாலிஸ்பரியில் இறங்கி அரை மணி நேரத்துக்கு மேல் பஸ். எங்கள் ரயில் சாலிஸ்பரி போய்ச் சேர்ந்ததே மூன்று மணிக்கு மேல். அவர் போட்ட அட்டவணைப்படி யார் போயிருந்தாலும் உள்ளே நுழைந்திருக்க முடியாது. ஒன்பதரை ரயில் என்பதால் எல்லாமே தள்ளிப்போய்விட்டது. கையில் இருந்த "ஸ்டோன்ஹெஞ்ச் வவுச்சர்" வெறும் பஸ் சீட்டு, நுழைவுக் கட்டணம் அதில் இல்லை என்று பஸ்காரர் சொன்னபோது சிரிப்புதான் வந்தது.

மிச்ச நேரத்தில் சாலிஸ்பரி தேவாலயத்துக்கு நடந்தோம். 123 மீட்டர் கோபுரம், பிரிட்டன் தேவாலயக் கோபுரங்களிலேயே உயரமானது. இங்கிலாந்து அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215ஆம் ஆண்டின் மேக்னா கார்ட்டா சாசனத்தின் மூலப் பிரதிகள் நான்குதான் மிஞ்சியிருக்கின்றன, அதில் ஒன்று இங்கே. ஏஜென்ட் பட்டியலில் இது இல்லவே இல்லை. அன்று காசுக்கு மதிப்பாக இருந்தது இது ஒன்றுதான்.

நீங்கள் யாரிடமாவது இப்படி வாங்குவதாக இருந்தால், மீதிப் பணம் கட்டுமுன் டிக்கெட் பிடிஎஃப்பைக் கேளுங்கள். "கிளம்பும் முன்னாடி அனுப்பறோம்" என்றால் விடாதீர்கள். ஏதாவது ரயில்கார்டு பெயர் அதில் இருந்தால் அட்டை எங்கே என்று கேளுங்கள். "அட்வான்ஸ்" என்று போட்டிருந்தால் குறித்த அந்த ரயிலில் மட்டுமே போகலாம், வேண்டாமென்றால் பணமும் திரும்பாது. ரயில் கம்பெனிகளின் சொந்தத் தளத்தில் எடுத்தால் புக்கிங் கட்டணமே கிடையாது. கோவையில் உட்கார்ந்துகொண்டே எடுக்கலாம்.

ஊர் திரும்பியதும் ஏஜென்ட்டிடம் கேட்டோம். "டிடிஆர் தெரியாம புடிச்சுட்டாருங்க" என்றார். பிறகு போனையே எடுக்கவில்லை. மாமனாரிடம் சொல்லவே எங்களுக்குச் சங்கடமாக இருந்தது. ஆசையாகக் கொடுத்தது அல்லவா. ஆனால் அவர்தான் விஷயத்தைப் பிடித்தார். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு அப்போது 5 சதவீதம் டி.சி.எஸ். வரி (விற்பவர் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது) என்று ஏஜென்ட் பிடித்திருந்தார், அது மாமனாரின் பான் கணக்கில், பிடித்த வரிகளைக் காட்டும் 26 ஏ.எஸ். படிவத்தில் வந்திருக்க வேண்டும். காலாண்டுக் கணக்குத் தாக்கல் தேதி முடிந்ததும் பார்த்தார். முக்கியப் பேக்கேஜுக்கான வரி இருந்தது, ரயில் நாளுக்கானது இல்லை. அந்த வரியையும் ஏஜென்ட்டே வாங்கி வைத்துக்கொண்டார்! "27டி சான்றிதழ் அனுப்புங்க தம்பி" என்று, டி.சி.எஸ். பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு மாமனார் ஒரே ஒரு மெசேஜ் போட்டார். அன்று சாயங்காலமே போன் வந்தது, "பேசித் தீர்த்துக்கலாம்ங்க அய்யா" என்று.

பாத் ரயிலுக்கு நாங்கள் இரண்டாம் முறை கட்டிய பணம் வந்துவிட்டது. ஸ்டோன்ஹெஞ்ச், "ஹனிமூன் சீட்", டி.சி.எஸ். மூன்றும் வரவில்லை. முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தோம், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம், செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பட்டியல், வவுச்சர், டிடிஆர் கொடுத்த ரசீது எல்லாம் இணைத்திருக்கிறோம். என்ன உத்தரவு வருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.