மிடி டிரிகர் கிட்: ரெண்டு ராத்திரி வேலை

கீபோர்டு, சிந்த் மாதிரி மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மொழியான மிடி வந்தது 1983-ல். அதுக்கு முந்தின சிம்மன்ஸ் எஸ்டிஎஸ்-5 மாதிரியான டிரம் சிந்த்களுக்கு, அதாவது மின்னணு டிரம்களுக்கு, மிடி அனுப்பும் நோட் நம்பர் எல்லாம் புரியாது. சின்னதா ஒரு வோல்டேஜ் தட்டு கொடுத்தால்தான் 'டும்' என்னும். என்னிடம் இருப்பதும் அந்த ரகம்தான். கீபோர்டிலிருந்து அதைத் தட்டத்தான், மிடியை வோல்டேஜ் தட்டாக மாற்றும் இந்த கிட்டை வாங்கினேன். பாகங்களை நாமே போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

போர்டு அருமை. துளைகள் சுத்தம், எழுத்து தெளிவு, ஐசிக்கு சாக்கெட்டும் கொடுத்திருக்கிறார்கள். கையேடுதான் கழுத்தறுப்பு. படத்தில் இருப்பது பழைய போர்டு. அதை நம்பி, மிடி இன்னுக்குப் பக்கத்தில் வரும் 1என்4148 டையோடை (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) திருப்பிப் போட்டுவிட்டேன். பவர் லைட் எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. மிடி சிக்னலை ஒளி வழியாக உள்ளே கடத்தும் 6என்138 ஆப்டோகப்ளர் ஐசி செத்துவிட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்கி மாட்டியது தண்டச் செலவு. மறுநாள் ராத்திரி லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் டையோடின் கறுப்புக் கோடு தப்பான பக்கம் இருப்பது கண்ணில் பட்டது.

திருப்பிப் போட்டதும் டிரம்முக்கான 10-ஆம் சேனலில், கிக்குக்கான (காலால் அடிக்கும் பெரிய டிரம்) நோட் 36-ஐ அமுக்கினேன். கிக் விழுந்தது பாருங்கள், மேஜையில் இருந்த ஈயப் பொட்டெல்லாம் குதித்தது! தாமதம் காதுக்குத் தெரியவில்லை.

ஒரே மனக்குறை, எப்படி அடித்தாலும் 5 வோல்ட்தான் வெளியே வருகிறது. மெதுவாகத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒரே அடி. டெக்னோவுக்குப் போதும். உருட்டி வாசிக்கிறவர்கள் வெலாசிட்டி (அடிக்கும் வேகத்துக்கேற்ப சத்தம் மாறுவது) உள்ள கிட்டாகப் பார்த்து வாங்குங்கள். ஐந்துக்கு மூன்றரை.