இரண்டு காதிலும் இம்ப்ளாண்ட்: இரைச்சலில் எவ்வளவு கேட்கிறது?

இடது காதில் காக்ளியர் இம்ப்ளாண்ட் (கேட்கும் நரம்பை மின்சாரத்தால் தூண்டி ஒலியை உணர வைக்கும் கருவி) வைத்துப் பல வருஷம் கழித்துத்தான் வலது காதிலும் வைத்துக்கொண்டேன். கூட்டத்தில் இப்போது நன்றாகக் கேட்கிறதா என்று பலரும் விசாரிக்கிறார்கள். இரைச்சல் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் யார் எந்தப் பக்கம் பேசினாலும் ஒரு காதாவது அவருக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான்.

கல்யாணப் பந்தியில் இது நன்றாகத் தெரியும். முன்பெல்லாம் வரிசையின் வலது கோடியில்தான் இடம் பிடிப்பேன். எல்லோரும் இடப்பக்கம் வர வேண்டுமே! வலப்பக்கம் பேசினால் என் தலையே குறுக்கே நின்று ஒலியை மறைத்துவிடும். ஸ, ஷ போன்ற கீச்சு ஒலிகள் முதலில் போய்விடும். இப்போது நடுவில் உட்கார்கிறேன். வலப்பக்கத்துச் சித்தப்பா, "மோர்க்குழம்பு வந்தா எனக்கும் ஊத்தச் சொல்லுடா" என்றால் புரிகிறது. மேடைத் தவில் ஸ்பீக்கர் வழியாகப் பந்திக்குள் வந்துவிட்டால் மட்டும் இரண்டு காதும் கைவிரித்துவிடும். உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு.

இயல்பான காதில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் மயிரணுக்கள் சுமார் 3,500. என் கருவியில் அந்த வேலையைச் செய்யும் மின்முனைகள் 22. சுருதி நுணுக்கம் அதில் வராததால், ஒரே நேரத்தில் பேசும் இரண்டு குரல்களைப் பிரிப்பது இன்றும் கஷ்டம்தான். மற்றவர்களுக்கு, ஒலி ஒரு காதை மில்லி செகண்டுக்கும் குறைவாக முந்தி எட்டுவதே திசையைச் சொல்லிவிடும். என் இரண்டு ப்ராசஸரும் (ஒலியை வாங்கி இம்ப்ளாண்ட்டுக்கு அனுப்பும் வெளிக்கருவி) தனித்தனியாக வேலை செய்வதால் அந்த நேர வித்தியாசம் சரியாக வந்து சேராது. எந்தக் காதில் சத்தம் அதிகம் என்பதை வைத்தே திசை பிடிக்கிறேன். பைக் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிய அது போதும்.

அதனால் மேப்பிங்கில், அதாவது கருவியின் ஒலி அளவை நமக்கேற்ப அமைக்கும்போது, இரண்டு காதின் சத்தமும் சமமாக இருக்க வேண்டும். முன்பு போன ஒரு மையத்தில் ஒவ்வொரு காதாக மட்டும் பார்த்து அனுப்பிவிட்டார்கள். எல்லாக் குரலும் இடப்பக்கமே இழுத்தது. இப்போதைய ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) இரண்டையும் சேர்த்துப் போட்டு, நேர் எதிரில் நின்று பேசிச் சரிபார்க்கிறார். அப்புறம், புதுக் காது தானாகப் பழகாது. பழைய ப்ராசஸரைக் கழற்றி வைத்துவிட்டு வானொலிச் செய்தி கேட்டுத்தான் தேற்றினேன்.

ஓட்டலில் சுவரில் சாய்ந்து உட்காராதீர்கள். ப்ராசஸர் மைக் முன்பக்கத்தைத்தான் அதிகம் வாங்கும். கூட்டம் முதுகுப் பக்கம் இருக்கட்டும், பேசுபவர் சுவரோரம் உட்காரட்டும்.

ப்ராசஸருக்கு நேராக ஒலியை அனுப்பும் சின்ன ஒயர்லெஸ் மைக்கைப் பேசுபவர் சட்டையில் மாட்டினால், இரைச்சலில் இரண்டாவது காதைவிட அது எனக்கு அதிகம் உதவுகிறது. செலவை யோசிக்கும் பெரியவர்கள் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். குழந்தைகள் விஷயம் வேறு. அங்கே இரண்டாவது காதைத் தள்ளிப்போடாதீர்கள்.