தம்பிக்கு நோய் எதுவும் இல்லை என்று எழுதியது யார்?

ஆலைகள் சூழ்ந்த வடசென்னை எர்ணாவூரில் வளர்ந்த பிள்ளைக்கு வீசிங் இருப்பது எங்கள் பக்கத்தில் யாருக்கும் அதிசயமில்லை. என் தம்பிக்கு மூன்று வயதில் தொடங்கியது. மழைக்காலத்து இரவுகளில் அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஓடுவார். நெபுலைசர் புகை முகத்தில் படர்ந்து மூச்சு சீராகும் வரை அம்மா முதுகைத் தடவிக்கொண்டே இருப்பார். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோதும் ஈரத் துண்டை மூக்கில் கட்டி, அவனை ஆட்டோவில் ஏற்றித் தண்டையார்பேட்டைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். அவன் நோயை நாங்கள் யாரிடமும் ஒளித்ததில்லை. ஆனாலும் அவனுக்கு எந்த நோயும் இல்லை என்று, அவனுடைய கையெழுத்தோடு ஒரு படிவம் இன்று எங்கள் பீரோவில் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். இந்த ஆண்டு பிள்ளையை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்புகிறவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

தம்பிக்கு அமெரிக்காவின் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்தது. வங்கிக் கடன், அம்மாவின் நகை, அப்பாவின் சேமநல நிதி எல்லாம் சேர்ந்துதான் முதல் பருவக் கட்டணம் கட்டினோம். கட்டண விவரத்தில் மருத்துவக் காப்பீடு என்று ஆண்டுக்கு 2,900 டாலர் தனியாக ஏறியிருந்தது. இரண்டரை லட்சம் ரூபாய்க்குக் குறையாது. அதைப் பார்த்ததும் அப்பா பேச்சற்றுப்போனார். அப்போதுதான், விசா வேலைகளைக் கவனித்துக்கொடுத்த பெரம்பூர் ஆலோசனை மையத்தின் உரிமையாளர், "இதை ஏன் சார் கட்டுகிறீர்கள்? நம்மிடம் 46,000 ரூபாயில் பாலிசி இருக்கிறது. அதைக் காட்டினால் பல்கலைக்கழகமே விலக்குக் கொடுத்துவிடும்" என்றார்.

விலக்கு என்று ஒன்று உண்டு என்பது உண்மைதான். எஃப்-1 விசாவில் போகும் மாணவருக்குக் காப்பீடு கட்டாயம் என்று அமெரிக்க அரசு சொல்லவில்லை. கட்டாயமாக்குவது பெரும்பாலும் பல்கலைக்கழகம். (பரிமாற்றத் திட்டங்களில் போகிறவர்களுக்கான ஜே-1 விசா வேறு. அதற்கு அரசே விதி வைத்திருக்கிறது: ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் காப்பு, நம் கையிலிருந்து முதலில் கட்ட வேண்டிய தொகை 500 டாலருக்கு மேல் போகக்கூடாது.) தங்கள் திட்டத்துக்கு நிகரான வேறு பாலிசி கையில் இருந்தால், குறிப்பிட்ட தேதிக்குள் விண்ணப்பித்து விலக்குப் பெறலாம் என்று பல பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. எல்லாப் பிரச்சினையும் அந்த 'நிகரான' என்ற சொல்லில் இருக்கிறது. அதை அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் நாங்கள் நான்கு பேரும் அந்த மாடி அலுவலகத்துக்குப் போனோம். கணினித் திரை அவர் பக்கம் திரும்பியிருந்தது. அவர் கேள்வியைப் படிக்காமலேயே தட்டிக்கொண்டு போனார். அம்மா தன் மஞ்சள் பையைத் திறந்து ஸ்டான்லி சீட்டுகளையும் தம்பியின் நீல நிற இன்ஹேலரையும் மேசை மேல் வைத்து, "தம்பிக்கு வீசிங் உண்டு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். அவர் பேனா முனையால் இன்ஹேலரை அம்மா பக்கமே தள்ளினார். "இதையெல்லாம் எழுதினால் பாலிசி கிடைக்காது அம்மா. சின்ன வயது வீசிங்தானே? அங்கே காற்று சுத்தம், தானாகச் சரியாகிவிடும்." கடைசிப் பக்கத்தை மட்டும் அச்செடுத்து நீட்டினார். தம்பி கையெழுத்துப் போட்டான். பிறகு பல்கலைக்கழகத் தளத்தில் நுழையும் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கி, விலக்குப் படிவத்தையும் அவரே நிரப்பினார். மொத்தம் இருபது நிமிடம். விலக்கு கிடைத்துவிட்டது என்று இரண்டு நாளில் மின்னஞ்சல் வந்ததும் அப்பா அவருக்குப் போன் செய்து நன்றி சொன்னார்.

நவம்பரில் அந்த ஊரில் குளிர் இறங்கியது. சுத்தமான காற்றோ என்னவோ, குளிர்ந்த வறண்ட காற்று ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது என்பதை எந்த மருத்துவரிடம் கேட்டாலும் சொல்வார். ஒரு ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு, நமக்கு விடிந்துவிட்ட நேரத்தில், தம்பியின் அறைத்தோழன் வீடியோவில் அழைத்தான். தம்பி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலில் கையூன்றி மூச்சிழுத்துக்கொண்டிருந்தான். "அக்கா, பயப்படாதே" என்பதைச் சொல்லி முடிக்க அவனுக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது. இன்ஹேலர் கேட்கவில்லை. வளாகத்துச் சுகாதார மையம் அந்த நேரத்தில் மூடியிருந்தது. நண்பன் காரில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப்போனான். நெபுலைசர், ஸ்டீராய்டு, மார்பு எக்ஸ்ரே, ஐந்து மணி நேரக் கண்காணிப்பு. அவர்கள் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். அதில் எனக்குக் குறையில்லை.

மூன்று வாரம் கழித்து மருத்துவமனையிலிருந்து 3,140 டாலருக்கு ஒரு பில். அது வந்து நான்கு நாளில் மருத்துவருக்கென்று 720 டாலருக்கு இன்னொன்று. அங்கே இரண்டும் தனித்தனியாகத்தான் வருமாம். சேர்த்தால் மூன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேல். மிச்சப்படுத்தியதாக நினைத்த பணத்தைவிட அதிகம்.

கிளெய்ம் போட்டோம். சிகிச்சைக் குறிப்பில் 'மூன்று வயதிலிருந்து ஆஸ்துமா' என்று மருத்துவர் எழுதியிருந்தார். நிறுவனம் இரண்டு காரணம் காட்டி நிராகரித்தது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, இந்தப் பாலிசியில் காப்பு கிடையாது என்பது ஒன்று. விண்ணப்பத்தில் நோயை மறைத்துவிட்டீர்கள் என்பது இன்னொன்று. மறைத்துவிட்டோமா? விண்ணப்பத்தின் நகலை அனுப்பச் சொல்லி வாங்கினேன். மூன்றாம் பக்கத்தில் ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் என்று வரிசையாகக் கேட்டு, எல்லாவற்றுக்கும் நேராக 'இல்லை'. நாங்கள் அதுவரை பார்த்தே இராத பக்கம் அது. தம்பியிடம் சொல்லி விலக்குப் படிவத்தின் நகலையும் எடுக்கச் சொன்னேன். அதில் ஒரு கேள்வி: உங்கள் பாலிசி ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் காப்பு அளிக்கிறதா? பதில், 'ஆம்'.

இரண்டு தாளையும் அடுத்தடுத்து வைத்து அன்று இரவு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே பிற்பகலில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, நிறுவனத்திடம் இவனுக்கு நோய் இல்லை என்றும், பல்கலைக்கழகத்திடம் இவன் நோய்க்குக் காப்பு உண்டு என்றும் ஒருவர் என் தம்பியின் பெயரால் எழுதியிருக்கிறார். பொய் அவருடையது. ஆனால் இரண்டின் கீழும் இருப்பது தம்பியின் பெயர். பல்கலைக்கழகத்தில் பொய்யான உறுதிமொழி என்று விசாரணை வந்திருந்தால் படிப்பே போயிருக்கும். அவன் தானாகப் போய் நடந்ததைச் சொன்னதால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தார் கனிவாக நடந்துகொண்டார்கள். என்றாலும் நடுப்பருவத்தில் பல்கலைக்கழகக் காப்பீட்டில் சேர்க்க வழியில்லை என்றார்கள். ஜனவரி வரை அவன் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காப்பில்லாமல்தான் இருந்தான். அந்த ஆறு வாரம் அம்மா தூங்கவில்லை.

அந்த 2,900 டாலர் எதற்கு என்பதும் பிறகுதான் விளங்கியது. பல்கலைக்கழகங்கள் நேரடியாக ஏற்பாடு செய்யும் திட்டங்கள் பொதுவாக அங்குள்ள சுகாதாரச் சட்டத்துக்கு உட்பட்டவை. ஏற்கெனவே நோய் உண்டு என்று சொல்லி அவை யாரையும் தள்ள முடியாது. ஆண்டு வரம்பு வைத்துச் சிகிச்சையை நிறுத்த முடியாது. நாம் இங்கே வாங்கும் மாணவர் பயணப் பாலிசி வேறு வகை. எலும்பு முறிந்தால், பாஸ்போர்ட் தொலைந்தால் உதவும். பழைய நோயோடு போகும் பிள்ளைக்கு அது குடையே ஆகாது. திடகாத்திரமான பிள்ளைக்கு, பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொண்டால், அதை வாங்குவதில் தவறில்லை. நான் எல்லாப் பாலிசியையும் குறை சொல்லவில்லை.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். பாலிசியின் முதல் பக்கத்தில் பிரீமியம் என்று அச்சாகியிருந்தது 27,400 ரூபாய். நாங்கள் கொடுத்தது 46,000. ரசீது கேட்டபோது 'சேவைக் கட்டணம் உட்பட' என்று வாயால் சொன்னதோடு சரி. ஏஜென்டுக்கு உரிய கமிஷனை நிறுவனமே கொடுத்துவிடுகிறது. நாம் கட்ட வேண்டியது அச்சிட்ட பிரீமியம் மட்டும்தான். அதே பக்கத்தில் ஏஜென்ட் பெயரும் குறியீட்டு எண்ணும் இருக்கும். எங்கள் பாலிசியில் இருந்த பெயர் நாங்கள் கேள்விப்பட்டே இராத ஒருவருடையது. எங்களிடம் விற்றவருக்கு உரிமமே கிடையாது.

இதே பள்ளத்தில் ஏற்கெனவே விழுந்துவிட்டவர்களுக்கு எங்களுக்கு உதவிய சிலவற்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் லாப நோக்கமற்ற மருத்துவமனைகள் பண உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது வரிச் சட்டம். சிகிச்சைக்குப் பின் முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். தம்பி தன் வருமானம் பூஜ்யம் என்பதற்கான தாள்களை வைத்து விண்ணப்பித்தான். 3,140 டாலர் 940 ஆகக் குறைந்தது. மருத்துவர் பில் குறையவில்லை. மாதம் 60 டாலராகக் கட்டுகிறோம். பில்லை இனவாரியாகப் பிரித்துக் கேளுங்கள். கடன் அட்டையில் மட்டும் அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள்.

இங்கே முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தோம். காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ ஆணையத்தின் பீமா பரோசா புகார்த் தளத்திலும் பதிந்தோம். 155255 என்ற எண்ணிலும் பதியலாம். ஒரு மாதத்தில் சரியான பதில் வராததால் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு அப்பாவோடு போனேன். அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிராகரிப்புக் கடிதம் வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். எங்கள் மனு நிலுவையில் இருக்கிறது. படிவத்தை நிரப்பியது நாங்கள் அல்ல என்று நிரூபிப்பது எளிதல்ல. அன்று மேசையில் வைத்த இன்ஹேலரை யாரும் படம் எடுக்கவில்லையே.

ஆலோசனை மையம் இன்னும் திறந்திருக்கிறது. ஜூலை மாதம் என்பதால் படியெல்லாம் கூட்டம். அப்பா போய்க் கேட்டதற்கு, "கையெழுத்துப் போட்டது உங்கள் பையன்தானே சார்?" என்று பதில் வந்தது.

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு பெண், ஆகஸ்டில் கிளம்புகிறவள், அதே மையத்தில் பாலிசி எடுத்ததாகச் சொன்னாள். விண்ணப்பத்தின் நகலை நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்கச் சொன்னேன். நேற்று மாலை கொண்டுவந்தாள். எங்கள் திண்ணையில் உட்கார்ந்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தோம். தைராய்டுக்கு எட்டு வருடமாக மாத்திரை சாப்பிடும் பெண். அதற்கு நேரே 'இல்லை'. திருத்தம் கேட்டு அங்கேயே நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினோம். பல்கலைக்கழகத்தின் விலக்குத் தேதி முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. மருத்துவரிடம் சான்று வாங்க அவள் அப்பா இன்று காலை முதல் டோக்கனுக்கே போய்விட்டார்.